வாசற்படிக்கு வெளியே ஒரு முட்டை வண்டி

ஜூலை 4

வக்கீல் ஒருவர் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி ஆறு மாதமாக பீரோவில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன். இந்த வீட்டில் நடப்பதை யாராவது பதிவு செய்து வைக்காவிட்டால் பிற்பாடு ஒருவரும் நம்பமாட்டார்கள்.

முப்பத்து மூன்று வருஷம் கோயமுத்தூர் கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்தவள் நான். சாட்சி இருமினால்கூட எழுதியிருக்கிறேன். ஆகவே நடந்தது நடந்தபடி:

இன்று காலை பதினொரு மணிக்கு, பம்புசெட் கம்பெனியின் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவரும் என் கணவருமான தெய்வசிகாமணி, தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "வசந்தா, நம்ம காருக்குப் பின்னால ஒரு வீட்டக் கொக்கி போட்டு இழுத்துட்டுப் போலாம்னு இருக்கறேன்" என்றார்.

நான் தக்காளியை நறுக்கி முடித்தேன்.

கைப்பேசியை நீட்டினார். யாரோ ஒரு வெள்ளைக்காரர், நம்முடையதைப் போலவே ஒரு சின்னக் கார், பின்னால் கொக்கியில் மாட்டிய பெட்டி ஒன்று. பெட்டிக்குள் கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. டிரெய்லராம். லேசானதாகப் பார்த்து எடுத்தால் பெரிய வண்டி தேவையில்லை, சாதாரணக் காரே இழுக்குமாம்.

"இந்தியா பூரா சுத்தலாம்" என்றார்.

பழனிக்குப் போனால்கூட இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று, சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மனதில் செருப்பைத் தேடுகிற மனிதர் இவர்.

ஜூலை 7

தாரணிக்கு ஏழு மாதம். எங்கள் ஒரே மகள். ஓசூரில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷமாகிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம். படுத்தே இருக்க வேண்டும், தூரப் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்கிற பேச்சு அதோடு போயிற்று. இனி நாங்கள்தான் அங்கே போக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். கல்யாணத்தன்று மண்டபத்தில் ஏதோ பேச்சு முற்றி, என் கணவர் சம்பந்தி நாச்சிமுத்துவிடம், "இனி உங்க வாசப்படிய மிதிச்சா என் பேரு தெய்வசிகாமணி இல்லீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு வருஷமாக மிதிக்கவில்லை. போன மாதம் பெண்ணின் வளைகாப்புக்கு வளையலைக் கூரியரில் அனுப்பிய குடும்பம் எங்களுடையது. நான்கு டஜனில் ஒன்பது உடைந்து போய்ச் சேர்ந்தன.

தாரணி போனில், "அப்பா வரலீன்னாப் போகட்டும், நீங்க மட்டுமாவது வாங்கம்மா. நீங்க ஒண்ணும் சத்தியம் பண்ணலியே" என்றாள்.

எனக்கு முட்டி வலி. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. இவருக்கு ரசம் வைக்கத் தெரியாது. இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"ரசம் நான் நல்லா வெப்பனே" என்றார் இவர், ஹாலிலிருந்து.

வைப்பார். அது வேறு விஷயம்.

ஜூலை 12

முதல் டிரெய்லரைப் பார்க்க கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனோம். அந்தப் பட்டறைக்காரர் டிபன் வண்டிகள் செய்கிறவர். "தூங்கறதுக்கும் செய்வனுங்க, கட்டில் போட்டாப் போச்சு" என்றார். இரும்புத் தகடு, மேலே புகைபோக்கி, பக்கவாட்டில் தூக்கிக் கட்டுகிற பெரிய ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே தட்டு வைக்கப் பலகை.

எடை அறுநூற்று எண்பது கிலோ. எங்கள் காரின் எடையே தொள்ளாயிரத்து முப்பதுதான்.

"காத்தோட்டம் நல்லா இருக்குது பாரு" என்றார் இவர், அந்த ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு.

"இதுல போனா சேலம் தாண்டறதுக்குள்ள நாப்பது பேரு வந்து ரெண்டு இட்லி ஒரு வடைன்னு கேப்பாங்க" என்றேன்.

பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. "போட்டுக் குடுத்தா ஆச்சுங்க" என்றார்.

ஜூலை 13

காரோடு வந்த கையேடு, பக்கம் 214, கடைசிப் பத்தி, எறும்பு சைஸ் எழுத்தில்: "இவ்வாகனத்துடன் இழுவை வண்டி இணைப்பது பரிந்துரைக்கப்படவில்லை." படித்துக் காட்டினேன். "பரிந்துரைக்கலீன்னுதான சொல்றான், கூடாதுன்னு சொல்லலியே" என்கிறார். கோர்ட்டில் இவர் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. எங்கே கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை.

ஜூலை 19

திருப்பூர். இரண்டாவது டிரெய்லர். தார்ப்பாய் தைக்கிற கம்பெனிக்காரர் ஒருவர் தன் குடும்பத்துக்காகச் செய்து வைத்திருக்கிறார். மடக்கினால் கல்யாணச் சீர்ப் பெட்டி அளவு. விரித்தால் கூடாரம், உள்ளே இரண்டு கட்டில். எடை இருநூற்றுத் தொண்ணூறு. எங்கள் கார் இதைப் பின்னால் இருப்பதே தெரியாமல் இழுத்துக்கொண்டு போகும்.

விரிப்பதற்குப் பத்தே நிமிஷம் என்றார். முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. மூன்று ஆட்கள் வேண்டியிருந்தது. நடுவில் அவருக்கும் அவர் மனைவிக்கும் எந்தக் கம்பி எந்த ஓட்டையில் என்பதில் சண்டை வந்தது. அந்த அம்மா, "போன தடவை ஏற்காட்டுலயும் இப்படித்தான் மானத்த வாங்குனீங்க" என்றது. நாங்கள் கிளம்பும்போது அவர்கள் இன்னும் மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

காரில் இவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவிநாசி வந்ததும், "எடை நல்ல எடை" என்றார்.

ஜூலை 22

காலையில் தாரணியின் மாமியார் பூங்கோதை போன் செய்தார். இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நான் எடுத்திருக்கக்கூடாது.

"அம்மிணி, நல்லா இருக்கறீங்களா? தாரணி நல்லா இருக்கறா. கீரை கடைஞ்சு குடுத்தா ரெண்டு வாய் சாப்பிடறா" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "எங்க வூட்டு வாசல் தொறந்தேதான் கெடக்குதுங்க. உங்களுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

குக்கரை இன்று வைக்கவே இல்லை. மதியம் இவர் தோசை கேட்டிருந்தார்.

ஜூலை 27

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மூன்றாவது டிரெய்லர். தோப்புக்காரர் எப்போதோ ஆசையாக வாங்கி, இரண்டு தடவை வால்பாறைக்குப் போய்விட்டு, அப்புறம் நாய்க்குக் கொடுத்துவிட்டார். ஃபைபரில் செய்தது. முட்டையைப் படுக்கவைத்தது போல இருக்கிறது. உள்ளே நிற்க முடியாது. இரண்டு பேர் படுக்க மெத்தை, அவ்வளவுதான் வீடு. பின்பக்க மூடியைத் தூக்கினால் ஒற்றை அடுப்பும் ஒரு சின்னத் தொட்டியும். ஐந்நூற்று நாற்பது கிலோ.

நாயை வெளியே வரச் சொன்னோம். அது எங்களைப் பார்த்த பார்வையில், வாடகைக்கு இருப்பவர்களைக் காலி செய்யச் சொன்னால் பார்ப்பார்களே, அது இருந்தது.

"படுத்துப் பாரு" என்றார் இவர். முட்டியை மடக்கி உள்ளே போனேன். இவரும் மறுபக்கத்துக் கதவு வழியாக வந்து படுத்தார். முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் இத்தனை நெருக்கமாக நாங்கள் படுத்ததில்லை. அவருடைய மூச்சில் தைல வாசம் அடித்தது. நாயின் வாசமும் இருந்தது, அது யாரிடமிருந்து என்று சொல்ல முடியவில்லை.

கண்ணை மூடியது ஞாபகம் இருக்கிறது. முழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. இவரும் தோப்புக்காரரும் வெளியே இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு மணி நேரம்" என்றார் இவர். "நீ இப்படித் தூங்கி ரெண்டு வருசம் ஆச்சு."

ஜூலை 28

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு மூன்றையும் ஒப்பிட்டிருக்கிறார். எடை, நீளம், கொக்கியில் இறங்கும் பாரம், மேட்டில் ஏறுமா, பின்னால் எடுக்க வருமா. எல்லாக் கட்டத்திலும் திருப்பூர்க் கூடாரம்தான் ஜெயிக்கிறது. கடைசியில் ஒரு கட்டம், தலைப்பே இல்லாமல். அதில் முட்டைக்கு மட்டும் ஒரு டிக்.

"இது என்ன கட்டம்?" என்றேன்.

"அது சும்மா."

"இந்தியா சுத்தறதுக்கு எதுக்குங்க ஓசூர் தெருவோட அகலத்த எழுதியிருக்கறீங்க? இங்க பாருங்க, பதினாறு அடின்னு."

பிடிபட்ட மாதிரி முழித்தார். பிறகு சொன்னார். வாசப்படியைத்தான் மிதிக்கமாட்டேன் என்று சொன்னது. வாசப்படிக்கு வெளியே தெருவில் நம் வீடு நின்றால் அது நம் வீடு. பிரசவம் முடிந்து நாற்பது நாள் அதிலேயே இருந்துகொள்ளலாம். "நீ உள்ள போயி புள்ளயப் பாத்துக்க. நான் வெளிய இருந்து பத்தியச் சாப்பாடு செஞ்சு குடுக்கறேன். உள்ள இருக்க உனக்கு ஒரு மாதிரி இருந்தாலும் வெளிய வந்து உக்கார ஒரு எடம் வேணுமில்ல?"

ஒரு வாய்ச் சொல்லைக் காப்பாற்ற ஐந்நூற்று நாற்பது கிலோவை முந்நூறு கிலோமீட்டர் இழுத்துப் போகிற ஆண்பிள்ளையை நான் எந்த வழக்கிலும் பார்த்ததில்லை. வறட்டு கௌரவம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். இந்த விஷயத்தில் எத்தனை கிண்டல் செய்தாலும் இவருக்குக் கோபம் வருவதில்லை. வேறு எதற்கெடுத்தாலும் வரும். மிக்ஸி சத்தத்துக்குக்கூட வரும்.

ஆகஸ்ட் 6

முட்டை வந்துவிட்டது. "நாலு மாசம் வெச்சு ஓட்டிப் பாருங்க, புடிக்கலீன்னாக் கொண்டாந்து விட்டுருங்க" என்று தோப்புக்காரர் தானே கொண்டுவந்து விட்டார். தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார், "கோழிப்பண்ணை ஆரம்பிக்கறீங்களா?" என்று விசாரித்தார். மாடி வீட்டு அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்ரூம் எங்கீங்க?" என்றார். நல்ல கேள்வி. இவருடைய எந்தக் கட்டத்திலும் அது இல்லை.

ஆகஸ்ட் 9

கொக்கியில் இறங்கும் பாரம் நாற்பது கிலோவைத் தாண்டினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளுமாம். அதை நிறுக்க, நான் என் எடையைப் பார்க்கிற மெஷினைக் கேட்காமல் எடுத்துப் போய் டிரெய்லரின் முன்காலுக்கு அடியில் வைத்திருக்கிறார். ஐம்பத்திரண்டு காட்டியது.

"மெசின் சரியாக் காட்டுதான்னு தெரியோணும். நீ ஏறு" என்றார், தெருவில் வைத்து, தாசில்தார் முன்னிலையில்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11

எடை குறைப்பு நடக்கிறது. தண்ணீர்த் தொட்டி போயிற்று. ஸ்டெப்னி போயிற்று. இவர் ஆசையாக வாங்கிய மடக்கு நாற்காலியும் போயிற்று. அடுப்பில் கை வைத்தபோது தடுத்தேன். பத்தியம் எதில் செய்வதாம்? "அதுஞ்சரி" என்று அடுப்பைத் திரும்ப மாட்டிவிட்டு, தன் துணிப் பையில் இருந்து இரண்டு வேட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

இரண்டு வேட்டியின் எடையையும் மெஷினில் பார்த்தார். முள் நகரவில்லை.

ஆகஸ்ட் 17

பின்னால் எடுக்கிற பயிற்சி. பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை. டிரெய்லர் மாட்டிய காரைப் பின்னால் எடுக்கும்போது, ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். இவர் ஐந்து ஞாயிறு ஆனாலும் இதை ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. இன்று கூடைப்பந்துக் கம்பத்தை ஒரு தடவையும் கொடிக்கம்பத்தை இரண்டு தடவையும் பார்த்துவிட்டு வந்தார்.

நான் வாங்கி ஓட்டினேன். லைசென்ஸ் எனக்கும் இருக்கிறது. முதல் முயற்சியிலேயே இரண்டு செங்கல்லுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

"எப்படி?" என்றார்.

"எந்தப் பக்கம் போகோணுமோ அதுக்கு நேர்மாறாச் சொல்லோணும். முப்பத்தொரு வருசமா உங்களோட அதத்தானுங்க பண்ணிட்டிருக்கறேன்."

வெகுநேரம் சிரித்தார். வண்டி தெருவுக்குள் நுழையும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 24

தாரணி அழுதாள். படுத்தே கிடந்தால் மனது கண்டதையும் நினைக்கும்.

"அம்மா, நான் யோசிச்சுப் பாத்தேன். அப்பா யாரையும் அப்படிச் சொல்ற ஆளே இல்லீங்கம்மா. வேலைக்காரங்களயே வாங்க போங்கன்னு கூப்புடறவரு. கல்யாணத்தன்னைக்கு அத்தையப் பத்தி எப்படி அப்படிச் சொன்னாரு?"

"போன்ல சத்தம் சரியாக் கேக்கல கண்ணு" என்றேன்.

ஆகஸ்ட் 25

மழை. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 2

ஓசூர். ஆஸ்பத்திரி வராந்தா. உட்கார்ந்த இடத்திலேயே எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன் போலிருக்கிறது.

பிரசவத் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. நிதானமாகப் போய்ச் சேரலாம் என்று விடியற்காலை கிளம்பினோம். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம். எங்களைத் தாண்டிப் போன பஸ்ஸில் எல்லோரும் ஒரு பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். சங்ககிரியில் டீக்கடைக்காரர் முட்டையைத் தட்டிப் பார்த்து, "ஐஸ்கிரீமுங்களா?" என்றார். அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

தொப்பூர் மேட்டில் கார் திணற ஆரம்பித்தது. இரண்டாவது கியர், முதல் கியர், அப்புறம் கிளட்ச் தீய்ந்த வாசம். ஒரு பஞ்சர் கடை முன்னால் நின்றுவிட்டது. "மேட்டுல ஏறுமா" என்கிற கட்டத்தில் இவர் "ஏறும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். அதை நான் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. மாப்பிள்ளை பிரபாகர்.

"அத்தை, ரத்தம் போகுதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். உடனே ஆபரேசன் பண்ணோணும்ங்கறாங்க."

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. இவர் என் முகத்தைத்தான் பார்த்தார். இறங்கினார். சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்தார். கொக்கியைக் கழற்றினார். ஒரு மாதமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டியை விட்டுவிட்டு வர அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பஞ்சர் கடைக்காரரிடம், "அண்ணா, இதக் கொஞ்சம் பாத்துக்குங்க, எம்பொண்ணுக்குப் பிரசவம்" என்று மட்டும் சொன்னார்.

பாரம் இறங்கியதும் கார் பறந்தது.

"வீடு போயிருச்சே, இனி எங்க தங்குவீங்க?" என்று கேட்டேன். எனக்கு அந்த நேரத்தில் அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"புள்ள பொழச்சாப் போதும் வசந்தா. நான் ரோட்டுல இருந்துக்குவேன்."

ஆபரேஷன் அறைக் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. பூங்கோதை இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். நாச்சிமுத்து ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டும் இவர் இன்னொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டும் நிற்கிறார்கள். நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து குடும்பத்தார் யாராவது படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிரபாகர் ரத்தம் வாங்க ஓடியிருந்தார். நர்ஸுக்குப் பக்கத்தில் பூங்கோதைதான் இருந்தார். அவர் அந்தத் தாளை வாங்கி, என்னிடம் நீட்டினார்.

நான் கையெழுத்துப் போட்டேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 3

பெண் குழந்தை. நேற்று மதியம் மூன்று பத்து. இரண்டு கிலோ அறுநூறு. தாரணி பிழைத்துவிட்டாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

இவர் குழந்தையைக் கையில் வாங்கி, எடை பார்ப்பது போல லேசாக ஏற்றி இறக்கினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 6

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்குத் தாரணியைச் சம்பந்தி வீட்டுக்கு அழைத்து வந்தோம். பூங்கோதை ஆரத்தி எடுத்தார். தாரணியும் குழந்தையும் உள்ளே போனார்கள். நானும் போனேன். ஆஸ்பத்திரி யாருக்கும் சொந்தமில்லை, அங்கே யார் வாசப்படியும் கிடையாது. ஆனால் இது நாச்சிமுத்து வீடு. இவர் தெருவுக்கு எதிர்ப்பக்கம், புங்கமரத்தடியில், காருக்குள்ளேயே இருந்துவிட்டார்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ராகிக் களி, கீரை. பிரபாகர் ஒரு தூக்குப்போசியில் போட்டு எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. இவர் தூக்குப்போசியின் மூடியை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடி களியைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூடி சரிந்தது. குனிந்து எடுத்தார். அக்கம்பக்கம் யாரும் பார்த்தார்களா என்று பார்த்துவிட்டு மறுபடியும் சாப்பிட்டார்.

நான் கையில் எடுத்த களியைத் தட்டிலேயே வைத்தேன்.

"சம்பந்தி" என்றேன். நாச்சிமுத்து நிமிர்ந்தார். "கல்யாணத்தன்னைக்கு அந்த வார்த்தையச் சொன்னது அவரு இல்லீங்க. நானுங்க."

சொல்லத் தொடங்கிவிட்டால் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் பூங்கோதை கட்டைவிரல் ரேகை வைத்ததைப் பார்த்துவிட்டு, மணப்பெண் அறையில் என் தங்கையிடம், "கைநாட்டு வீட்டுக்கு மருமகளா அனுப்பவா எம்பொண்ண எம்.எஸ்ஸி. படிக்க வெச்சேன்" என்று நான் சொன்னேன். பந்தியில் நின்ற நாச்சிமுத்துவின் காதுக்கு வார்த்தை போய்ச் சேர்ந்தது. யார் சொன்னது என்பது போகவில்லை. "எவன்டா சொன்னது?" என்று அவர் கத்திக்கொண்டு வந்தபோது நான் இவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இவர் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நானுங்க" என்றார். "இனி என் வூட்டுப் பக்கம் வராதீங்க" என்றார் நாச்சிமுத்து. அதற்கப்புறம்தான் அந்தச் சபதம். இரண்டு வருஷமாக நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டேனா, வறட்டு கௌரவம் என்று அவரையே கேலியும் செய்தேன்.

சொல்லி முடித்ததும் பூங்கோதை எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார். "கதவுக்கு அந்தப் பக்கட்டுதான நின்னுட்டிருந்தேன். எனக்குப் படிக்கத்தான் தெரியாது. காது நல்லாக் கேக்கும்."

"அப்புறம் ஏனுங்க நீங்க சொல்லல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன்."

இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

நாச்சிமுத்து கை கழுவாமல் எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே கேட்டு வரைக்கும் ஓடினேன். அவர் தெருவைத் தாண்டி, கார்க் கதவைத் திறந்து குனிந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, ரெண்டு வருசமா ஒரு பொய்யப் பின்னால மாட்டி இழுத்துட்டுத் திரிஞ்சிருக்கறீங்களே. எத்தன கிலோ இருந்துச்சுங்க?"

இவர் தலை நிமிர்ந்து, கேட்டருகில் நின்ற என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். மூடியில் ஒட்டியிருந்த கடைசி வாய்க் களியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"கொக்கி தாங்குச்சுங்க."

செப்டம்பர் 9

நாச்சிமுத்து ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். பூ ஏற்றிப் போகிற பெரிய வண்டி ஒன்று இருக்கிறது. நேற்று அதில் இரண்டு பேருமாகத் தொப்பூர் போய் முட்டையை இழுத்து வந்துவிட்டார்கள். பஞ்சர் கடைக்காரர் ஒரு வாரமாக அதில்தான் மதியத் தூக்கம் போட்டாராம், ரொம்ப சௌகரியமாக இருந்தது என்றாராம்.

கேட்டுக்குள் பின்னால் எடுத்து நிறுத்த அவர்கள் இருவரும் முக்கால் மணி நேரம் போராடினார்கள். ஒரு ரோஜாத் தொட்டியும் குழாயும் உடைந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் இரண்டு நிமிஷத்தில் நிறுத்தினேன். இவருக்காக முற்றத்தில் போட்ட கட்டில் சும்மா கிடக்கிறது. சம்பந்திகள் இருவரும் முட்டைக்குள் காலை வெளியே நீட்டிப் படுத்துக்கொண்டு, அடுத்த தடவை மேட்டில் ஏற என்னென்ன கழற்றலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் இருந்து வீட்டுக்குள் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. வாசப்படி மிதிக்காத ஆட்கள் இப்போது இரண்டு பேராகிவிட்டார்கள்.

மதியம் குழந்தை தூங்கிய பிறகு இந்த டைரியை எடுத்து ஜூலை 7-ஆம் தேதியைப் புரட்டினேன். "மண்டபத்தில் ஏதோ பேச்சு முற்றி" என்று எழுதியிருக்கிறேன். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு சாட்சியத்திலாவது "ஏதோ" என்று எழுதியிருப்பேனா? ஜட்ஜ் என் தாளை முகத்தில் எறிந்திருப்பார்.

கோர்ட்டில் திருத்தம் செய்தால் பழைய வார்த்தையை அழிக்கக்கூடாது. அது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுத வேண்டும். அப்படியே செய்தேன். "ஏதோ பேச்சு முற்றி" என்பதை அடித்து, "நான் பூங்கோதையை இழிவாகப் பேசியதை என் கணவர் தன்மேல் போட்டுக்கொண்டு" என்று எழுதினேன். ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

எதிரில் பூங்கோதை உட்கார்ந்து, பேத்திக்குப் பொட்டு வைக்க விளக்குப் புகையில் மை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்க அது, ஒத்த வரிக்கு இத்தன நேரம்?" என்றார்.

எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் கோர்ட்டு முறைதான். படித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சரியாத்தான் இருக்குது" என்றார். பிறகு அவராகவே கட்டைவிரலை மையில் தொட்டு, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்தார்.